தின்ற தீவனத்தை எடை போட்டால் எலியின் உண்ணும் ஆர்வம் தெரிந்துவிடாதா?

ஊட்டியில் எம்.பார்ம் ப்ராஜெக்ட் செய்யும் நீங்கள், மருந்து கொடுத்த எலியின் உண்ணும் ஆர்வத்தை அறியத் தீவனத்தைக் காலையும் மாலையும் எடை போட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. எலி எவ்வளவு தின்றது என்பது வேறு, தின்பதற்கு எவ்வளவு பாடுபடும் என்பது வேறு. மில்லர், பெய்லி, ஸ்டீவன்சன் என்ற ஆய்வாளர்கள் 1950-லேயே காட்டிவிட்டார்கள்: மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் பகுதியில் சேதம் செய்த எலிகள் சும்மா கிடைத்தபோது அளவுமீறித் தின்றன, லிவரை (நெம்புகோலை) அழுத்தித்தான் தின்னவேண்டும் என்றதும் மற்ற எலிகளைவிடக் குறைவாகவே உழைத்தன.

நம்ம மலைக் குளிரில் கிராம் கணக்கு இன்னும் ஏமாற்றும். சுண்டெலிக்குச் சுகமான வெப்பம் சுமார் 30 டிகிரி. டிசம்பர் ராத்திரி அறை குளிர்ந்தால் உடம்புச் சூட்டுக்காகவே கூடுதலாகத் தின்னும். நீங்கள் மருந்தின் வேலை என்று எழுதிவிடுவீர்கள். (கரண்ட் பில்லுக்காக விலங்கு அறை ஹீட்டரை அணைப்பவர்களிடம் இதை எத்தனை முறை சொன்னாலும் ஏறாது.)

அளக்க வேண்டியது பிரேக்பாயின்ட், அதாவது எலி தீனிக்காக எத்தனை அழுத்தல்வரை பாடுபட்டுக் கைவிடுகிறது என்ற எல்லை. 1961-இல் ஹோடோஸ் கொடுத்த முறை. எத்திக்ஸ் கமிட்டி அனுமதியோடு தீவனத்தைக் குறைத்து எலியின் எடையை வழக்கமான எடையில் 85–90 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். வளரும் எலி என்றால் பழைய எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வயிறார உண்ணும் ஜோடி எலியோடு ஒப்பிடுங்கள். முதலில் ஒரு அழுத்தலுக்கு ஒரு 45 மி.கி. சர்க்கரை பெல்லட் (சிறு உருண்டை), பிறகு ஐந்துக்கு ஒன்று. பழகியபின் ஒவ்வொரு பெல்லட்டுக்கும் வேண்டிய அழுத்தல்களை 1, 2, 4, 6, 9, 12, 15, 20, 25, 32, 40 என்று ஏற்றுங்கள். 20 நிமிடம் ஒரு பெல்லட்கூடச் சம்பாதிக்காவிட்டால் நிறுத்திவிட்டு, கடைசியாக முடித்த எண்ணைக் குறியுங்கள். தினமும் அதே நேரம்.

கெடுவது பெரும்பாலும் பெல்லட்டில்தான். ஜூன், ஜூலை மூட்டத்தில் சர்க்கரை ஈரம் இழுத்து, தூள், பெல்லட்டைப் போடும் கருவியான டிஸ்பென்சரின் தட்டுக் குழிகளில் அப்பிக்கொள்ளும். மோட்டார் சுற்றும், 'டிக்' கேட்கும், பெல்லட் விழாது. 32 முறை அழுத்தி ஒன்றும் கிடைக்காத எலி ஓய்ந்துவிடும். கம்ப்யூட்டரோ கொடுத்ததாகவே பதியும். டப்பாவில் சிலிக்கா ஜெல் போடுங்கள், அன்றைக்குத் தேவையானதை மட்டும் கொட்டுங்கள், தட்டை உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். விழும் இடத்தில் அகச்சிவப்பு சென்சார் இல்லையென்றால் மீதி பெல்லட்டை எண்ணிச் சரிபாருங்கள்.

'மருந்தில் கைகால் தளர்ந்திருக்கலாமே' என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தனி செஷனில் சாதாரணத் தீவனத்தை லிவர் உள்ள பெட்டிக்குள்ளேயே சும்மா வையுங்கள். லிவரை விட்டுவிட்டு அதைத் தின்றால் பசி இருக்கிறது, பாடுபடத்தான் மனமில்லை. இரண்டையும் தொடாவிட்டால் பசியே போயிருக்கலாம், தளர்ச்சியாகவும் இருக்கலாம். நடமாட்டத்தைத் தனியாக அளக்காமல் எதையும் எழுதாதீர்கள்.