சொந்தமாக வின்ச் பம்பர் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுத்தெடுக்கும் வின்ச் என்ற மோட்டார் கருவியைத் தாங்கும் முன் பம்பர்) கட்டுகிறீர்களா? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணா, வண்டி முழு லோடோடு 2,200 கிலோ. எத்தனை பவுண்டு வின்ச் போடலாம்?

பதில்: மொத்த எடையை ஒன்றரையால் பெருக்குங்கள். 3,300 கிலோ, அதாவது சுமார் 7,300 பவுண்டு. 8,000 போதும். அடிக்கடி சேற்றில் இறங்குபவர் என்றால் 9,500 எடுங்கள். வின்ச்சில் எழுதியிருக்கும் இழுவை, டிரம்மில் சுற்றிய கயிற்றின் முதல் அடுக்குக்கு மட்டும்தான். அடுக்கு ஏற ஏற விசை குறையும்.

கேள்வி: பம்பர் முழுவதையும் 6 மி.மீ. தகட்டிலேயே செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு சதுர மீட்டர் 6 மி.மீ. தகடே 47 கிலோ வரும். அதோடு வின்ச்சும் சேர்ந்தால் முன் ஸ்பிரிங் தாழ்ந்துவிடும். வெளித்தகடு 3 மி.மீ. இருக்கட்டும், வின்ச் உட்காரும் தட்டு 6. அந்தத் தட்டும், பம்பரை வண்டிச் சட்டத்தில் மாட்டும் சேஸிஸ் பிராக்கெட்டும் ஒரே உடம்பாக இணைய வேண்டும். வெளித்தகட்டை மொத்தமாகக் கழற்றிப் போட்டாலும் வின்ச் இழுக்குமா? எந்த டிசைனைக் காட்டினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

கேள்வி: கம்பெனி பம்பர் இருந்த போல்ட் ஓட்டைகள் போதாதா சார்?

பதில்: அவை பம்பரின் எடையைத் தாங்க வைத்தவை, சேற்றில் புதைந்த வண்டியை இழுக்க அல்ல. அப்படி மாட்டிய ஒரு பம்பரை என்னிடம் கொண்டுவந்தார்கள். பக்கவாட்டில் இழுத்திருக்கிறார்கள். வட்ட ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தது. வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் முடி கனத்துக்கு விரிந்திருந்தது. சுரண்டிப் பார்த்தால் உள்ளே இரும்பிலும் விரிசல். இன்னும் ஒரு இழுப்பில் அது பிய்ந்து பறந்திருக்கும். நேர் இழுப்பை எல்லோரும் கணக்கில் எடுக்கிறார்கள், பக்க இழுப்பை மறந்துவிடுகிறார்கள். பிராக்கெட்டைச் சேஸிஸ் ரெயிலின் பக்கவாட்டில் பின்னோக்கி நீட்டி, பல இடங்களில் 10.9 கிரேடு (உயர் வலிமை) போல்ட் போடுங்கள். ரெயில் நசுங்காதபடி உள்ளே குழாய்த் துண்டு வையுங்கள்.

கேள்வி: வின்ச் வருவதற்கு முன்பே தட்டில் ஓட்டை போடலாமா?

பதில்: நடுத்தர வின்ச்களில் போல்ட் ஓட்டைகளின் இடைவெளி பெரும்பாலும் 254 × 114.3 மி.மீ. தான். ஆனாலும் கைக்கு வரட்டும். வின்ச்சின் கிளட்ச் லிவர் (டிரம்மை விடுவிக்கும் கைப்பிடி) முழுதாகத் திரும்ப இடம் இருக்கிறதா என்று அட்டையில் வெட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஷேக்கிள் (இழுவைக் கயிற்றைக் கோக்கும் U வடிவக் கொக்கி) மாட்டும் காதை வெளித்தகட்டின் மேல் வெல்டு செய்தால்?

பதில்: கூடவே கூடாது. தகட்டில் துளை வெட்டி, காதை உள்ளே நுழைத்து, முன்னும் பின்னும் வெல்டு செய்து, பின்முனையைச் சேஸிஸ் பிராக்கெட்டோடு சேருங்கள். 4.75 டன் ஷேக்கிளுக்குக் காதின் கனம் 20 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

கேள்வி: வண்டியில் வைத்தே வெல்டு செய்யலாமா?

பதில்: டேக் மட்டும், அதாவது நகராமலிருக்க அங்கங்கே சிறு பொட்டு வெல்டு. அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள், எர்த் கிளாம்ப்பை வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். அப்புறம் இறக்கி, இடம் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடியுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் தகடு கோணிக்கொள்ளும்.

கேள்வி: ஏர்பேக் இருக்கிற வண்டிக்கு?

பதில்: மோதலில் முன்பக்கம் எப்படி நசுங்கும் என்பதை வைத்துத்தான் ஏர்பேக் விரியும் நேரம் அமைந்திருக்கும். விறைப்பான பம்பர் அதைக் குலைக்கலாம். இதற்கு மட்டும் சொந்தமாகக் கட்ட வேண்டாம். உங்கள் மாடலில் ஏர்பேக்கோடு சோதித்த பம்பரையே வாங்குங்கள்.