பெரிய டாங்கி, நிற்கும் நொசில்

கேள்வி: டீசல் டபுள் கெப்பில் 80 லீற்றர் டாங்கியை மாற்றி 140 லீற்றர் டாங்கி பூட்டினோம். ஷெட்டில் அடிக்கும்போது நொசில் அடிக்கடி தானாக நின்றுவிடுகிறது. டீசல் மிச்சமிருக்கையிலேயே கேஜ் ஊசி அடியில் கிடக்கிறது. ஏன்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: நொசிலில் பிழையில்லை. டீசல் உள்ளே போக, அதே அளவு காற்று வெளியேற வேண்டும். காற்று தடைப்பட்டால் டீசல் கழுத்தில் மேலெழுந்து நொசிலை நிறுத்திவிடும். டாங்கியிலிருந்து நிரப்பும் கழுத்துக்குப் போகும் காற்றுக் குழாய் எங்கோ மடிந்திருக்கும், அல்லது நடுவில் தொய்ந்து அந்தப் பள்ளத்தில் டீசல் தேங்கியிருக்கும். நிரப்பும் கழுத்துப் பக்க முனையைக் கழற்றித் தாழ்த்திப் பாருங்கள். டீசல் ஒழுகினால் தொய்வுதான் காரணம். டாங்கியிலிருந்து கழுத்து வரை ஏறுமுகமாகவே போகும்படி கிளிப் போட்டுக் கட்டுங்கள். நீளம் கூடினால் வெட்டுங்கள். சுருட்டி ஒளிக்க வேண்டாம். நிரப்பும் குழாய்க்கும் சரிவு வேண்டும்.

கேஜுக்குக் காரணம் வேறு. பழைய டாங்கியின் சென்டரையே (மிதவை மூலம் டீசல் அளவைக் கேஜுக்குச் சொல்லும் கருவி) மாற்றிப் போட்டிருப்பார்கள். புதிய டாங்கி ஆழமானதென்றால் மிதவைக் கை அடியைத் தொடாது. பொருத்தமான சென்டர் வாங்குவதே நல்லது. கையை வளைப்பது அரைகுறை வேலை.

140 லீற்றர் டீசல் ஏறக்குறைய 118 கிலோ. முதல் முறை நிரப்பி ஓடியதும் டாங்கியைத் தாங்கும் பட்டிகளின் போல்ட்டுகளை மீண்டும் இறுக்குங்கள். சைலன்சர் குழாய் டாங்கிக்கு அருகில் இருந்தால் வெப்பம் தடுக்கும் தகடு கட்டாயம்.