ஊடுபயிர் வரிசையை வெட்டும் களை ரோபோ

களை ரோபோ பயிரையே வெட்டுகிறது என்பதற்காகக் கத்தியை மாற்ற வேண்டாம். ஆர்டிகே தளநிலையத்தின் (ரோபோவின் செயற்கைக்கோள் இருப்பிடத்தைச் சென்டிமீட்டர் அளவுக்குத் திருத்த உதவும், ஒரே இடத்தில் நிற்கும் கருவி) இருப்பிட எண்களை நிலையாகப் பதிந்துவிடுங்கள். மக்காச்சோளமும் தட்டைப்பயறும் விதைத்தபோது சரியாக ஓடிய ரோபோ, களையெடுக்கும்போது மட்டும் தட்டைப்பயறு வரிசைகளில் ஒரே பக்கமாக ஏறி வெட்டுகிறது என்கிறீர்கள். அந்த ஒரே பக்கம்தான் துப்பு. கேமரா செடிகளை அடையாளம் காணத் தவறியிருந்தால் அவை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போயிருக்கும்.

தளநிலையம் ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் சில நிமிடச் சராசரியை வைத்துத் தன் இடத்தைப் புதிதாகக் கணிக்கிறது என்று நினைக்கிறேன். அந்தக் கணிப்பு ஒரு மீட்டர்கூட மாறலாம். சேமித்த விதைப்பு வரைபடத்தோடு அப்புறம் எதுவும் பொருந்தாது.

1. வரப்பில் ஒரு கல் நட்டு, ரோபோவின் ஆன்டெனாவை அதற்கு நேர் மேலே நிறுத்தி எண்களைக் குறியுங்கள்.
2. தளநிலையத்தை அணைத்து, மீண்டும் இயக்கி, அதே கல்லில் பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் காரணம் இதுதான்.

நிற்கும் பயிரைக் காப்பாற்றிவிடலாம், பதறாதீர்கள். பிழைத்த செடிகளின் மேல் ஆன்டெனாவைப் பிடித்து விலகலை அளந்து, வரைபடத்தை அவ்வளவு நகர்த்துங்கள்.

ஒன்று மட்டும்: தட்டைப்பயறு கொடி வீசத் தொடங்கிவிட்டால் கைக்களைதான். ரோபோவுக்கு விதை விழுந்த இடம் தெரியும், கொடி படர்ந்த இடம் தெரியாது.