கராஜ் வாடை படுக்கையறைக்குள் வருகிறது: வாடகையை நிறுத்தலாமா?

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டோடு ஒட்டியே கார் கராஜ். அதற்கு நேர் மேலே எங்கள் படுக்கையறை. காலையில் காரை எடுத்ததும் அறைக்குள் பெட்ரோல் வாடை, மனைவிக்குத் தலைவலி. உரிமையாளரோ, "கார்பன் மோனாக்சைடு அலாரம் அடிக்கவில்லையே, ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்கிறார். வாடகையை நிறுத்திவிட்டு நானே ஃபேன் மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். வாடகையை நிறுத்திவிட்டால் காற்றைப் பற்றிய வழக்கு வாடகை பாக்கி வழக்காக மாறிவிடும். எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் சுவரைத் துளைத்தால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள்தான் என்றாகும். பழுதுச் செலவை வாடகையில் கழிக்கும் உரிமை எல்லா இடத்துச் சட்டத்திலும் கிடையாது. ஒப்பந்தத்தின் பழுதுபார்ப்புப் பிரிவை உள்ளூர் வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள்.

அலாரம் அடிக்கவில்லை என்ற வாதத்துக்கு வலு இல்லை. இந்த அலாரங்களுக்கான அமெரிக்காவின் யு.எல். 2034 தரப்படி, கார் புகையிலுள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு 70 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு) இருந்தாலும் அலாரம் அடிக்க 1 முதல் 4 மணி நேரம் ஆகலாம். அந்த வாயுவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன 24 மணி நேரச் சராசரி வரம்போ கன மீட்டருக்கு 4 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ 3.5 பிபிஎம். பெட்ரோல் ஆவியிலுள்ள பென்சீன் என்ற நச்சுப் பொருளை அந்த அலாரம் கண்டறியவே கண்டறியாது.

ஆகவே சாட்சியத்தை நீங்களே சேர்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடின் குறைந்த அளவையும் எண்ணில் காட்டும் மீட்டரைப் படுக்கையறையில் வையுங்கள். கார் எடுப்பதற்கு முன், எடுத்து 10, 30, 60 நிமிடம் கழித்து என்று ஒரு வாரம் குறித்து, நேரம் தெரியும்படி படம் எடுங்கள். தலைவலி வந்த நாட்களிலேயே மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். இன்னொன்று: சமையலறை எக்ஸாஸ்ட் ஓடும்போது, கராஜுக்குப் போகும் கதவின் அடியிடுக்கில் வீட்டுப் பக்கம் டிஷ்யூ தாளைப் பிடியுங்கள். தாள் வீட்டுக்குள் சாய்ந்தால் கராஜ் காற்று உள்ளே வருகிறது. அதை வீடியோ எடுங்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் இடம், ஊதுபத்தி கொளுத்திப் பார்க்காதீர்கள்.

பிறகு உரிமையாளருக்கு, ஒப்புகை கிடைக்கும் தபாலில் நோட்டீஸ். "நடவடிக்கை எடுக்கவும்" என்று மொட்டையாக எழுதினால் சுவருக்கு ஒரு கோட்டிங் பெயிண்ட் அடித்துவிட்டு முடிந்தது என்பார்கள். வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: வீட்டுக்கும் கராஜுக்கும் இடையிலான பொதுச்சுவரிலும் கராஜ் கூரையிலும் குழாய், ஒயர் நுழையும் ஓட்டைகளை அடைப்பது, கதவுக்கு ரப்பர் சீலும் தானே மூடும் கீலும், கராஜில் ஏசி டக்ட் இருந்தால் அதன் இணைப்புகளை அடைப்பது, கடைசியாக, நிமிடத்துக்குக் குறைந்தது 70 கன அடி காற்றை நேராக வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன். வெளிக்காற்றை உள்ளே தள்ளும் ஃபேன் மாட்டினால் கராஜில் அழுத்தம் கூடி, புகை இன்னும் வேகமாக வீட்டுக்குள் வரும். கராஜில் கேஸ் ஹீட்டர் இருந்தால் எக்ஸாஸ்ட் அதன் புகையைத் திருப்பி இழுக்கலாம். அதனால் அதற்கான தொழில்நுட்பரின் சோதனையையும் நோட்டீஸில் சேருங்கள். கெடு தேதியும் போடுங்கள்.

நோட்டீஸ் கைக்குப் போன நாளிலிருந்து, "எனக்குத் தெரியாது" என்று உரிமையாளர் சொல்ல வழியில்லை. கவனக்குறைவு வழக்கில் அந்தத் தேதிதான் அச்சாணி. ஆனால் உங்கள் பக்கத் தவறையும் எதிர்த்தரப்பு தேடும். ஷட்டர் திறந்திருந்தாலும் கராஜுக்குள் எஞ்ஜினை ஓடவிட்டு நிற்காதீர்கள். பெட்ரோல் கேனை இன்றே வெளியே மாற்றுங்கள். இல்லாவிட்டால் நஷ்டஈடு குறையலாம்.

மயக்கம், வாந்தி வந்தாலோ அலாரம் அடித்தாலோ எல்லாரும் உடனே வெளியேறித் தீயணைப்புத் துறையை அழையுங்கள். அவர்கள் எழுதும் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

கெடு தாண்டினால் உள்ளூர் கட்டட அல்லது சுகாதார ஆய்வாளரிடம் புகார், அதன்பின் மனு: வேலையை முடிக்க உத்தரவு, வாடகைக் குறைப்பு, மருத்துவச் செலவு மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். அதுவரை வாடகையை "உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்" என்ற குறிப்போடு வங்கி வழியாகவே கட்டுங்கள்.