மண் தடத்தில் ஓடிய ஆர்சி பக்கியைக் கார்ப்பெட்டுக்குத் தயார் செய்வது எப்படி?

உங்களிடம் இருப்பது 1/10 அளவு டூ வீல் டிரைவ் பக்கி, அதாவது மோட்டார் பின்சக்கரங்களை மட்டும் சுழற்றும் ரேடியோ கண்ட்ரோல் (ஆர்சி) பந்தயக் கார். தூசி பறக்கும் மண் தடத்தில் ஓட்டிப் பழகியிருக்கிறீர்கள். இப்போது கார்ப்பெட் தடம் உள்ள கிளப்புக்குப் போவதால் எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

டயரை மாற்றுங்கள். அது சரியாகும் வரை ஷாக்கிலும் (அதிர்வைத் தாங்கும் பாகம்) டிஃப்பிலும் (இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் தொகுதி) கை வைக்கவே வேண்டாம். தவறான டயரோடு ஸ்பிரிங்கை எத்தனை முறை மாற்றினாலும் வண்டி என்ன சொல்கிறது என்பது உங்களுக்குப் புரியாது.

உதிரி மண்ணில், டயரின் உயரமான, இடைவெளி விட்ட முட்கள் மேல்தூசியைக் கிழித்துக் கீழே உள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும். இறுகி ரப்பர் படிந்த களிமண்ணில் அதே முட்கள் வளைந்து கொடுத்து வண்டியை மிதக்க வைக்கும். அங்கே மிகக் குட்டையான, நெருக்கமான வடிவம் வேண்டும். அமெரிக்க உள்ளரங்கத் தடங்கள் சிலவற்றில் முள்ளே இல்லாத வழவழப்பான டயரான முழு ஸ்லிக்கே ஓடுகிறது. கார்ப்பெட்டுக்கும் ஆஸ்ட்ரோடர்ஃபுக்கும் (செயற்கைப் புல்) மினி பின் என்கிற சிறு ஊசி டயர். இங்கிலாந்து கிளப்புகளில் ஷூமாக்கர் நிறுவனத்தின் மஞ்சள் காம்பவுண்ட் (ரப்பர் கலவை) மினி பின் பல காலமாகவே வழக்கம். ஆனாலும் உங்கள் கிளப்பில் வேகமாக ஓட்டுபவர் என்ன போடுகிறார் என்று பார்த்து அதையே வாங்குங்கள். கூச்சப்படாமல் கேட்கலாம், சொல்வார்கள்.

அடுத்துதான் முக்கியமான விஷயம். மண்ணில் நாம் கிரிப்பைத் தேடி அலைகிறோம். கார்ப்பெட்டில் அது தேவைக்கு மேலேயே கிடைக்கிறது. வளைவில் டயர் சறுக்காமல் கடித்துப் பிடித்தால், வண்டியின் எடை வெளிப்பக்கச் சக்கரங்கள் மேல் சாய்ந்து பக்கி புரண்டுவிடும். இதைத்தான் டிராக்‌ஷன் ரோல் என்கிறார்கள். அதனால் மண்ணில் செய்ததற்கு நேரெதிராக யோசிக்க வேண்டும்.

மண்ணில் 22, 24 மி.மீ. வைத்திருந்த ரைடு ஹைட்டை (தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி) 16 முதல் 18 மி.மீ. வரை இறக்குங்கள். புரள்வதற்கு எதிராக இதைவிடப் பலன் தரும் மாற்றம் வேறில்லை. முன்பக்க ஸ்பிரிங் கொஞ்சம் கடினமாகட்டும். வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பார் இருந்தால் மாட்டுங்கள். பிறகும் புரண்டால், முன் டயரின் பக்கச் சுவரில் மெல்லியதாக சூப்பர் க்ளூ தடவிக் காய விடுங்கள். அந்த விளிம்பு கெட்டியாகி, தரையைக் கடிக்காமல் வழுக்கும். டிஃப் ஆயிலையும் கெட்டியாக்கலாம் (எண் பெரிதானால் ஆயில் கெட்டி): மண்ணில் 3000 போட்டிருந்தால் இங்கே 7000 வரை முயன்று பாருங்கள்.

எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். 1984-இல் வந்த ஆர்சி10 போன்ற பழைய பக்கிகளில் மோட்டார் பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும். கிரிப் இல்லாத மண்ணில் பின்சக்கரத்தை அழுத்திப் பிடிக்க அந்த எடை உதவியது. கிரிப் அதிகமுள்ள தடங்களில் அதே எடை வண்டியின் வாலை வீசிவிடும். இன்று மோட்டார் அச்சுக்கு முன்னால் இருக்கும் மிட் மோட்டார் வண்டிகள் பெருகியதற்கு இது பெரிய காரணம். உங்களுடையது பின் மோட்டார் வண்டியாக இருந்தாலும் பரவாயில்லை. பேட்டரியை முன்னால் தள்ளி, முன்பக்கம் சிறிய பித்தளை எடை ஒன்று வைத்தாலே நிறைய மாற்றம் தெரியும்.

ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ஐந்தாறு சுற்று ஓட்டிப் பார்த்து, எழுதி வைத்து, பிடிக்கவில்லை என்றால் பழைய இடத்துக்கே திரும்பிவிடுங்கள். மண் தடத்துக்கு இது இன்னும் அவசியம்: காலையில் ஈரமாக இருந்த தரை மதியத்துக்குள் காய்ந்து தூசியாகிவிடும், செட்டப் கெட்டுவிட்டதாகத் தோன்றும். கார்ப்பெட்டில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் நாள் முழுக்க ஓட்டத்தில் ரப்பர் படிந்து கிரிப் ஏறிக்கொண்டே போகும். காலையில் புரளாத வண்டி மாலையில் புரண்டால், முதலில் ரைடு ஹைட்டை இன்னும் 1 மி.மீ. இறக்கிப் பாருங்கள்.