காயமுற்ற அதிகாரிக்கு அரணாகக் கிடந்த சிப்பாய்

எதிரியின் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே காயமுற்ற தோழரை மீட்ட வீரர்களில் உங்கள் மனத்தில் நிலைத்தவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தயங்காமல் சத்தா சிங்கின் பெயரைச் சொல்வேன்.

முதல் உலகப் போரின்போது, இன்றைய ஈராக்கில், குட் நகரில் துருக்கியரின் முற்றுகையில் சிக்கிய பிரிட்டிஷ் இந்தியப் படையை விடுவிக்கச் சென்றவர்களுள் 9ஆம் போபால் காலாட்படையின் சிப்பாயான அவரும் ஒருவர். 1916 ஜனவரி 13 அன்று வாடி என்ற இடத்தில் நடந்த சண்டையில் அவருடைய கட்டளை அதிகாரி குண்டடிபட்டு வெட்டவெளியில் அசைய முடியாமல் கிடந்தார். சத்தா சிங் தம் மறைவிடத்தை விட்டு அவரிடம் சென்று, காயத்துக்குக் கட்டுப்போட்டு, தம்மிடமிருந்த சிறிய தோண்டுகருவியால் அவருக்கு ஒரு மறைவை வெட்டத் தொடங்கினார். அவ்வளவு நேரமும் கடுமையான துப்பாக்கிச் சூடு அவர்மீது இருந்தது. பிறகு இருட்டும் வரை, ஐந்து மணி நேரம், தோட்டா வரும் பக்கத்தில் தம் உடலையே அரணாக வைத்து அங்கேயே கிடந்தார். இருள் சூழ்ந்ததும் பின்னால் சென்று ஆட்களை அழைத்துவந்து அதிகாரியைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தார். இதற்காக அவர் பெற்ற, பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ், இந்திய வீரர்களுக்கும் உரியதென 1911இல்தான் அறிவிக்கப்பட்டிருந்தது. அதைப் பெற்ற தொடக்ககால இந்தியர்களுள் இவரும் ஒருவர்.

குடியாத்தத்திலிருந்து சித்தூர் செல்லும் சாலையில், ஆந்திர எல்லையை ஒட்டிய பரதராமிப் பக்கம் எங்கள் ஊர். இங்கே பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெருவைக் காண்பது அரிது. என் பெரியப்பா ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தா சிங் ஏன் அதிகாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடவில்லை என்று அவரிடம் கேட்டேன். "எழுந்து நின்னா ரெண்டு பேருமே குறியாயிடுவாங்கப்பா. முதல்ல ரத்தத்தை நிறுத்தணும், அப்புறம் தரையோட தரையா கிடக்கணும்" என்றார். படுத்தபடி தோண்டும்போது கையை முழுதாக ஓங்க முடியாது. முழங்கையை ஊன்றி, சிறிது சிறிதாகக் கொத்தி, அந்த மண்ணை எதிரி இருக்கும் பக்கம் தள்ளி வரப்பு போல உயர்த்த வேண்டும் என்று திண்ணையில் ஒருக்களித்துப் படுத்துக் காட்டினார். பாய்ந்து செல்லும் துணிவு ஒரு நொடியில் எழக்கூடும்; அவ்வாறு கொத்திக்கொண்டே, எழுந்து ஓடலாம் என்ற எண்ணத்தை ஒவ்வொரு நிமிடமும் வென்று கிடப்பதைத்தான் நான் அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

அந்தப் போர்முனையில் மருத்துவ ஏற்பாடுகள் மிக மோசமாக இருந்தன. காயமுற்றவர்களை அதிர்வு தாங்கும் வில் (ஸ்பிரிங்) இல்லாத வண்டிகளில் குலுங்கக் குலுங்க ஏற்றிச் சென்ற கொடுமையைப் பின்னர் விசாரணைக் குழுவே கண்டித்தது. எனவே விழுந்தவருக்குப் பெரும்பாலும் பக்கத்தில் இருந்த சிப்பாயே கதி. வாடிக்கு எட்டு நாள் கழித்து, ஜனவரி 21 அன்று அதே போர்முனையில் ஹன்னா என்ற இடத்தில், 41ஆம் டோக்ரா படையின் லான்ஸ் நாயக் லாலாவும் அப்படித்தான் நின்றார். ஓர் அதிகாரியை மறைவுக்கு இழுத்துவந்து காயமுற்றோருக்குக் கட்டுப்போட்டவர், இன்னொரு அதிகாரி திறந்த வெளியில் கிடப்பதை அறிந்து அவரிடம் சென்று, குளிர் தாங்குவதற்காகத் தம் உடைகளைக் கழற்றி அவர்மேல் போர்த்தினார். இருட்டிய பிறகு முதலாமவரைச் சுமந்து சென்று சேர்த்துவிட்டு, ஸ்ட்ரெச்சருடன் திரும்பி வந்து மற்றவரையும் மீட்டார்.