29சி பஸ்ஸும் இரண்டு ஃபாரின் கீயும்

கேள்வி: சென்னை மாநகர பஸ் ரூட்டுகளைக் காட்டும் ஒரு சின்ன ஆப்பை பைத்தானில் எழுதுகிறேன் சார், டேட்டாபேஸுக்கு எஸ்கியூஎல்ஆல்கெமி (SQLAlchemy) லைப்ரரி. ரூட் டேபிளில் புறப்படும் ஸ்டாப், சேரும் ஸ்டாப் என இரண்டு ஃபீல்டு, இரண்டுமே ஸ்டாப் டேபிளுக்கான ஃபாரின் கீ, அதாவது அந்த டேபிளின் வரியைச் சுட்டும் ஃபீல்டு. ரிலேஷன்ஷிப் எழுதினால் ஜாயின் எப்படி என்று முடிவு செய்ய முடியவில்லை என எரர் வருகிறது. நடுவில் நிற்கும் ஸ்டாப்புகளை எப்படி இணைப்பது?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: எரர் நியாயமானதுதான். 29சி பெரம்பூரில் கிளம்பி பெசன்ட் நகர் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் ரூட்டிலிருந்து ஸ்டாப்புக்கு இரண்டு வழி இருக்கும்போது எதைப் பிடிப்பது என்று லைப்ரரி தானாக ஊகிக்காது. ஒவ்வொரு ரிலேஷன்ஷிப்பிலும் ஃபாரின் கீஸ் ஆர்குமென்டில் அதற்குரிய ஃபீல்டைக் கொடுங்கள். ஸ்டாப் கிளாஸிலிருந்து திரும்பி வரும் ரிலேஷன்ஷிப்பிலும் அதே ஃபீல்டைக் கொடுக்க வேண்டும், பலரும் கோட்டை விடுவது இங்கேதான். இந்த இரண்டு ரிலேஷன்ஷிப்பையும் ஜோடி சேர்க்கும் பேக் பாப்புலேட்ஸையும் இரண்டு பக்கமும் எழுதிவிடுங்கள். ஒரு பக்கம் எழுதினாலே மறுபக்கத்தைத் தானாக உருவாக்கும் பேக்ரெஃப் போட்டால் ஒரு வரி மிச்சம்தான், ஆனால் ஆறு மாதம் கழித்து ஸ்டாப் கிளாஸைத் திறப்பவருக்கு அந்த அட்ரிபியூட் எங்கிருந்து வந்தது என்றே புரியாது.

நடு ஸ்டாப்புகள்தான் பெரிய வேலை. ஒரு ரூட்டில் பல ஸ்டாப், ஒரு ஸ்டாப்பில் பல ரூட், அதனால் மெனி டு மெனி என்று, இரண்டையும் இணைக்க மட்டுமே இருக்கும் செகண்டரி டேபிளைப் போடத் தோன்றும். போடாதீர்கள். எத்தனையாவது ஸ்டாப் என்ற வரிசை எண் உங்களுக்கு வேண்டும், செகண்டரி வழியாகப் போனால் அந்த எண் ஆப்ஜெக்டில் கைக்கு வராது. ரூட் ஸ்டாப் என்று தனி கிளாஸே எழுதி, ரூட் ஐடியும் வரிசை எண்ணும் சேர்ந்ததை பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுவது) ஆக்குங்கள். ஸ்டாப் ஐடியை அதில் சேர்க்காததற்குக் காரணம், சுற்றி வரும் ரூட் ஒரே ஸ்டாப்பை இரண்டு முறை தொடலாம். ரூட் பக்கத்து ரிலேஷன்ஷிப்பில் ஆர்டர் பை கொடுத்தால் ஸ்டாப்புகள் வரிசையாக வரும்.

அப்புறம் கேஸ்கேட், அதாவது ரூட்டை டெலிட் செய்தால் அதைச் சார்ந்த வரிகள் என்ன ஆக வேண்டும் என்ற விதி. டீஃபால்ட்டாக விட்டால், ஸ்டாப் லிஸ்ட் உள்ள ரூட்டை டெலிட் செய்யும்போது ரூட் ஸ்டாப்பில் இருக்கும் ரூட் ஐடியை லைப்ரரி காலியாக்கப் பார்க்கும், பிரைமரி கீயைக் காலியாக்க முடியாதே, அங்கே இன்னொரு எரர். ரூட் பக்கத்தில் ஆல், டெலிட் ஆர்ஃபன் என்று கொடுத்தால் அந்த வரிகளும் ரூட்டோடு டெலிட் ஆகும், சரி.

ரூட்டுகளின் லிஸ்டைக் காட்டும் பக்கத்தை எழுதும்போது, எல்லா ரூட்டின் ஸ்டாப்புகளையும் மொத்தமாக எடுக்கும் செலக்ட் இன் லோட் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் லிஸ்டுக்கு ஒன்று, ரூட்டுக்கு ஒன்று என 100 ரூட்டுக்கு 101 குவெரி ஓடும். சந்தேகமிருந்தால் எஞ்சினில் எக்கோவை ஆன் செய்து பாருங்கள், ஓடும் குவெரி எல்லாம் டெர்மினலில் கொட்டும்.